24 முட்டை இன்குபேட்டர்: வறண்ட காற்றில் மூன்று அடை

வீட்டுப் பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு கோழி வளர்ப்பவர் எவருக்கும் ஒரு கட்டத்தில் மேசைமேல் வைத்து முட்டை பொரிக்கும் சிறிய இன்குபேட்டர் மீது ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. ஆண்டில் பல மாதங்கள் நண்பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும் பாலைவனத்து ஊரில் இருந்துகொண்டு, அந்தப் பெட்டியில் மூன்று முறை முட்டைகளை அடைவைத்து முடித்தபின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தயாரிப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே வார்ப்பில் செய்த பெட்டி வெவ்வேறு பெயர் ஒட்டப்பட்டுப் பல இடங்களில் விற்பனையாவதால், பெயரைச் சொல்வதை விட அமைப்பைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும். மெல்லிய பிளாஸ்டிக் சுவர், கண்ணாடி போன்ற மேல்மூடி, உள்ளே சிறிய விசிறி, முட்டைகளை உருட்டும் உருளைத் தட்டு, அடியில் இரண்டு தண்ணீர் வாய்க்கால்கள், முகப்பில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் எண்திரை ஆகியவை கொண்ட பெட்டி எதுவாக இருந்தாலும், கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

அடைக்கோழி இருக்கும்போது இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என்னிடம் இருப்பவை வெள்ளை லெக்ஹார்னும் ஃபாயூமியும். லெக்ஹார்ன் முட்டைக்காகவே தேர்ந்து பெருக்கப்பட்டதால் அடைக்கு உட்காருவதையே மறந்துபோன இனம். எகிப்தின் ஃபாயூம் பகுதியில் தோன்றிய ஃபாயூமி வெயிலைத் தாங்குவதில் பெயர் பெற்றது என்றாலும், இளவயதுப் பெட்டைகள் அடைக்கு உட்காருவது அரிது. இவற்றுக்கு நடுவே இருந்த ஒரே ஒரு கலப்புப் பெட்டை கோடையின் தொடக்கத்தில் பதினோரு முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. கோழியின் உடல் வெப்பமே 41 டிகிரிக்கு மேல்; வியர்வைச் சுரப்பி கிடையாது; வாயைத் திறந்து இரைப்பதுதான் அதற்குத் தெரிந்த முக்கியமான குளிர்விக்கும் வழி. கூட்டுக்குள் காற்று 42 டிகிரியைத் தொட்ட நாளில் அது எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியருகே இறக்கையை விரித்து நின்றுவிட்டது. பதினோரு முட்டையில் ஒன்றுகூடப் பொரியவில்லை. அதன் பிறகுதான் பெட்டியை வாங்கினேன்.

முதல் அடையை வெயில் சற்றுத் தணியத் தொடங்கிய நேரத்தில் வைத்தேன். அவசரம் என்னுடையது, அந்தப் பழியைப் பெட்டிமேல் போட மாட்டேன். ஆனால் அந்த முதல் அடையில்தான் இத்தகைய பெட்டிகளின் அடிப்படைக் குறை எனக்குப் புரிந்தது: இதற்குச் சூடாக்க மட்டுமே தெரியும், குளிர்விக்கத் தெரியாது. விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி இருக்க வேண்டும். அறை வெப்பம் அதைவிட நன்றாகக் கீழே இருந்தால்தான் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கருவிக்கு வேலையே இருக்கிறது. எங்கள் அறை பிற்பகலில் 36 டிகிரிக்குப் போனபோது, சூடேற்றி முற்றிலும் நின்றுபோயும், விசிறி மோட்டாரின் சூடும் வளர்ந்த கருக்கள் தாமே வெளிவிடும் சூடும் சேர்ந்து, மூன்றாம் வாரத்தில் திரையில் 39.4 வரை ஏறின. எச்சரிக்கை மணி அடித்தது உண்மைதான். மணி அடித்தபோது செய்வதற்கு மூடியைத் தூக்கி விசிறுவதைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அப்படித் தூக்கியபோதெல்லாம் உள்ளே இருந்த கொஞ்ச ஈரமும் வெளியேறியது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அறை வெப்பம் இந்த அளவைத் தாண்டினால் பெட்டியை ஓட்டாதீர்கள் என்று அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டிய செய்தி இது.

24 முட்டைகளில் ஏழு கூமுட்டை. மீதி 17 முட்டைகளில் ஐந்து குஞ்சுகள்தான் வெளியே வந்தன, அவையும் 21 நாளுக்குக் காத்திராமல் 19ஆம் நாள் இரவிலேயே வந்தன. மிகைச் சூட்டில் வளர்ந்த குஞ்சுகள் முந்திப் பொரிவதும், தொப்புள் முழுதாக மூடாமல் இருப்பதும் கோழிப்பண்ணையில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த அடையாளங்கள். இரண்டையும் அன்று கண்ணால் பார்த்தேன். இன்னொன்று மனத்தை விட்டுப் போகவில்லை. ஒரு முட்டையின் அகன்ற முனையில் உளுந்தளவு துளை விழுந்திருந்தது; உள்ளே அலகு நுனி அசைந்தது; மென்மையாகவும் வெண்மையாகவும் இருக்க வேண்டிய உள்சவ்வு காய்ந்து, பழுப்பேறிய எண்ணெய்க் காகிதம் போலக் குஞ்சின் முகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குஞ்சு முட்டைக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டை வட்டமாகக் கொத்திக்கொண்டே வர வேண்டும். இதனால் சுற்ற முடியவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அசைவு நின்றது.

அந்தச் சவ்வைக் காயவைத்தது சூடு மட்டுமன்று, பெட்டிக்குள் இருந்த வறட்சியும்தான். பாலைவனத்தில் இன்குபேட்டர் வாங்க நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது பார்த்துவிட வேண்டும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். காற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள நீராவி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அந்தக் காற்றால் தாங்கக்கூடிய நீராவியின் அளவு பெருகிவிடுவதால் ஈரப்பதச் சதவீதம் சரிந்துவிடுகிறது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரக் காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே ஏறத்தாழ 46 சதவீதத்தில் நிற்கும். 22 டிகிரியும் 20 சதவீதமும் உள்ள எங்கள் குளிர்கால அறைக்காற்று அதே பெட்டிக்குள் 8 சதவீதத்துக்கு வந்துவிடும். முதல் 18 நாள்களுக்கு 45 முதல் 55 வரையும், கடைசி மூன்று நாள்களுக்கு 65 முதல் 70 வரையும் வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. ‘முதல் இரண்டு வாரம் தண்ணீரே வேண்டாம், அப்படியே விடுங்கள், நன்றாகப் பொரியும்’ என்று அனுபவசாலிகள் சொல்வதில் பொய் இல்லை. அவர்கள் இருக்கும் ஊரின் காற்று வேறு என்பதுதான் அதில் சொல்லாமல் விடப்படும் பகுதி.

கையேடு முதல் 18 நாள்களுக்கு ஒரு வாய்க்காலை மட்டும் நிரப்பச் சொல்கிறது. நானும் அப்படியே செய்தேன். திரை 55 சதவீதம் என்று காட்டியதால் நிம்மதியாகவும் இருந்தேன். திரை காட்டியது பொய் என்பது பிறகுதான் தெரிந்தது. சாப்பாட்டு உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் ஈரமணல் போலக் குழைத்து, ஒரு மூடியில் வைத்து, தனியாக வாங்கிய ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத பைக்குள் ஓரிரவு விட்டால், மானி 75 சதவீதம் காட்ட வேண்டும்; நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலுள்ள காற்றின் ஈரப்பதம் அதுதான். என் மானி 73 காட்டியது. இரண்டு சதவீதம் கூட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்துகொண்டு அதைப் பெட்டிக்குள் வைத்தபோது, திரை 55 என்ற இடத்தில் என் மானி 36 காட்டியது. வெப்பத்தில் வேறுபாடு இவ்வளவு மோசமில்லை: நடுவில் திரைக்கும் என் வெப்பமானிக்கும் 0.3 டிகிரிதான் வித்தியாசம். விசிறிக்கு எதிர்மூலையில் மட்டும் 0.8 டிகிரி குறைவாக இருந்தது. அதனால் நாளுக்கு ஒருமுறை முட்டைகளை இடம் மாற்றி வைக்கிறேன். திரையின் வெப்ப அளவைத் திருத்திக்கொள்ள ஓர் அமைப்பு இருக்கிறது. ஈரப்பத அளவைத் திருத்த வழியே இல்லை. இந்த விலைக்கு இது போதும் என்று சமாதானம் சொல்வார்கள். எண்ணையே காட்டாமல் விட்டிருந்தால் நான் முதல் அடையிலேயே தனி மானி வாங்கியிருப்பேன்.

உண்மையில் ஈரப்பதமானியை விட நம்பகமானது சமையலறைத் தராசு. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக முட்டை நீரை இழந்துகொண்டே இருக்கும். 18ஆம் நாளுக்குள் தொடக்க எடையில் 11 முதல் 14 சதவீதம் குறைந்திருந்தால், அகன்ற முனையில் உள்ளே இருக்கும் காற்றறை சரியான அளவில் இருக்கும். இரண்டாவது அடையில் பத்து முட்டைகளைப் பென்சிலால் அடையாளமிட்டுச் சேர்த்து நிறுத்தேன்: 520 கிராம். ஆறாம் நாளில் ஏறத்தாழ 22 கிராம் குறைந்திருக்க வேண்டும், 31 கிராம் குறைந்திருந்தது. இரண்டாவது வாய்க்காலையும் நிரப்பி, இரண்டிலும் ஓர் அங்குல அகலத்துக்கு வெட்டிய பஞ்சுத்துண்டுகளை நிறுத்திவைத்தேன். ஈரப்பதத்தைக் கூட்டுவது தண்ணீரின் ஆழமன்று, காற்றுபடும் பரப்பு. 18ஆம் நாளில் 455 கிராம் வந்து நின்றபோது, அந்த 65 கிராம் இழப்பு எனக்குத் தேர்வில் தேறியது போல இருந்தது. ஃபாயூமியின் சிறிய முட்டைகள் லெக்ஹார்ன் முட்டைகளைவிட வேகமாகக் காய்வதால், மூன்றாவது அடையில் இரண்டையும் தனித்தனியாக நிறுத்தேன்.

தண்ணீர் ஊற்றும் ஏற்பாடு பாராட்டுக்குரியது. மூடியைத் திறக்காமல் பக்கவாட்டுத் துளை வழியாகவே இரண்டு வாய்க்கால்களையும் நிரப்ப முடிகிறது. கடைசி மூன்று நாள்களில் மூடியைத் தொடாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை முதல் அடையில் தெரிந்துகொண்டவனுக்கு இது பெரிய வசதி. ஆனால் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு பத்தே நாளில் அந்தத் துளையில் வெள்ளைப் படிவமாகப் படிந்து பாதியை அடைத்துவிட்டது. பஞ்சும் கல்போல் இறுகிவிட்டது. வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் படிவம் கரைகிறது. இப்போது உப்பு நீக்கிய தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறேன். இரண்டு வாய்க்கால்களும் நிரம்பியிருந்தால் நாளுக்கு இருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பெட்டி ஒத்துவராது.

முட்டை திருப்பும் உருளைகளைப் பற்றி அரைமனத்தோடுதான் நல்ல வார்த்தை சொல்ல முடியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகத் திருப்புகிறது, சத்தமும் இல்லை. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டுக் கவனித்தபோது, லெக்ஹார்ன் முட்டைகள் ஒழுங்காகப் புரண்டன. ஃபாயூமி முட்டைகளில் நான்கைந்து, உருளைகளுக்கிடையே தொய்வாகக் கிடந்து, அரைகுறையாக அசைந்து பழைய பக்கத்துக்கே திரும்பின. திரும்பாத முட்டையில் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும் அபாயம் இருப்பதால், அவற்றை நாளுக்கு மூன்று முறை கையால் திருப்பினேன். உருளை இடைவெளியை மாற்றும்படி செய்திருக்கலாம். இரண்டாவது அடையின் நடுவில் திருப்பும் மோட்டார் நின்றுபோனது தனிக்கதை. விற்றவருக்குப் படத்தோடு எழுதியபோது, தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்களா என்று கேட்டுப் பதில் வந்தது. மோட்டார் வந்து சேர்ந்தபோது குஞ்சுகள் சிறகு முளைத்து ஓடிக்கொண்டிருந்தன.

பாலைவனத்துக்கே உரிய இன்னொரு தொல்லை தூசு. ஒரு மணற்காற்று நாளுக்குப் பிறகு விசிறி உறிஞ்சும் துளைகளில் மாவு போன்ற மண் படிந்து, காற்றோட்டம் குறைந்து, மூலை வெப்பம் இன்னும் அரை டிகிரி இறங்கிவிட்டது. துளைகளின்மேல் மெல்லிய துணி கட்டலாம் என்று தோன்றும். கட்டாதீர்கள், கடைசி நாள்களில் கருக்களுக்குக் காற்று நிறையத் தேவைப்படும். மென்தூரிகையால் நாள்தோறும் துடைப்பதே சரி. இரவுக் குளிரைப் பொறுத்தவரை மெல்லிய சுவர் ஒரு பலவீனம்தான். வெளியே 5 டிகிரிக்கு இறங்கிய இரவுகளில் சூடேற்றி ஓயாமல் வேலை செய்தது. துளைகளை மறைக்காமல் பெட்டியின் பக்கங்களில் தெர்மோகோல் அட்டைகளைச் சாய்த்து வைத்ததில் அது ஓய்ந்தது. ஒன்றரை மணி நேரம் மின்சாரம் போன இரவிலும் இந்த அட்டைகளே காப்பாற்றின. சிறிது நேரக் குளிர்ச்சியை முட்டை பொறுத்துக்கொள்ளும், சூட்டைத்தான் பொறுக்காது.

அறையை எப்படிக் குளிர்விப்பது என்பதும் பெட்டியின் பலனைத் தீர்மானிக்கிறது. ஏசி அறை வெப்பத்தை இறக்கும், கூடவே காற்றில் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் பிழிந்து வெளியே விட்டுவிடும். தண்ணீரில் நனைந்த திண்டு வழியாகக் காற்றை இழுக்கும் சாதாரண ஏர் கூலர் இந்த வேலைக்கு ஏசியைவிடப் பொருத்தமானது. வெளியே 38 டிகிரியும் 15 சதவீத ஈரமும் இருக்கும் வேளையில் அது அறைக் காற்றை 25 டிகிரியை ஒட்டிக் கொண்டுவருவதோடு ஈரத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. மூன்றாவது அடையை ஏர் கூலர் உள்ள அறையில் வைத்ததால் ஒரே வாய்க்காலில் 48 சதவீதம் கிடைத்தது. கூலரின் காற்று நேராகப் பெட்டிமேல் படக்கூடாது என்பது மட்டுமே கவனிக்க வேண்டியது.

பெட்டிக்குள் போவதற்கு முன்பே கெட்டுப்போகும் முட்டைகளுக்குப் பெட்டி பொறுப்பாகாது என்பதால், முதல் அடையின் ஏழு கூமுட்டைகளை அதன் கணக்கில் எழுதவில்லை. கடும் வெயிலில் சேவலின் விந்துத் தரம் குறைகிறது. இரைத்துக்கொண்டே இருக்கும் பெட்டையின் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுவதால் ஓடு கட்டுவதற்கான கார்பனேட்டும் குறைந்து, மெல்லிய ஓட்டோடு முட்டை வருகிறது. மெல்லிய ஓடு இன்னும் வேகமாகக் காயும். கோழிகள் முட்டையிடும் கூட்டுக்குள் 38 டிகிரியில் நண்பகல் வரை கிடந்த முட்டையில் கரு தாறுமாறாக வளரத் தொடங்கிவிடும் என்பதால், காலையிலிருந்தே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பொறுக்குகிறேன். சேர்த்து வைக்கும் நாள்களில் 13 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அதற்கு மிகையான குளிர். ஒரு பானைக்குள் இன்னொரு பானையை இறக்கி, இடையில் ஈரமணல் நிரப்பி, நிழலில் வைத்த ஏற்பாட்டில், குறுகிய முனை கீழிருக்கும்படி அட்டைத் தட்டில் ஏழு நாள் வரை வைத்தேன். தூசு படிந்த முட்டைகளைக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்தேன்; கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விடும்.

குளிர் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து வைத்த இரண்டாவது அடையில் 24 முட்டைகளில் 20 கருக்கூடியிருந்தன, 16 குஞ்சுகள் வந்தன. குளிர்காலத்தின் இறுதியில் வைத்த மூன்றாவது அடையில் 22 கருக்கூடியவை, 19 குஞ்சுகள். ஏழாம் நாள் இருட்டறையில் கைவிளக்கின்மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தபோது செந்நூல் சிலந்திவலை போல இரத்த நாளங்கள் விரிந்திருந்த முட்டைகளின் எண்ணிக்கையிலேயே, சேவலுக்குக் குளிர் என்ன செய்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. இந்த இரண்டு அடைகளிலும் குஞ்சுகள் 21ஆம் நாளிலேயே, ஆறேழு மணி நேர இடைவெளிக்குள் எல்லாம் வெளிவந்தன. தெளிந்த மேல்மூடி வழியாக அதைப் பார்க்க முடிவது வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய விருந்து. உட்புறம் ஆவி படியாமல் இருந்ததால் நானும் மூடியைத் திறக்கும் சபலத்திலிருந்து தப்பினேன். பொரிந்த குஞ்சுகளைச் சூட்டோடு வளர்க்கும் புரூடரில் முதல் வாரம் அவற்றுக்கு 35 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், அதன்பின் வாரம் மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். மூன்றாவது அடைக் குஞ்சுகளுக்குப் பகலில் விளக்கே தேவைப்படவில்லை, ஊரின் வெயில் அந்த வேலையைச் செய்தது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கிறேன். ஈரப்பதத் திரைக்காகவும் கையேட்டுக்காகவும் ஒன்று, உருளைத் தட்டுக்கும் விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கும் சேர்த்து ஒன்று எனக் குறைத்தேன். குளிர்ந்த அறை இல்லாதவர்கள், ஆண்டு முழுதும் குஞ்சு பொரித்து விற்க நினைப்பவர்கள், காலையும் மாலையும் பெட்டியருகே போக முடியாதவர்கள் இதை வாங்க வேண்டாம். மற்றவர்கள் பெட்டியோடு ஓர் ஈரப்பதமானியையும், ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். என் பெட்டியை இப்போது வெந்நீரில் துடைத்து, கிருமிநாசினி தெளித்து, நிழலில் உலர்த்தி, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளில் பிற்பகல் அறை வெப்பத்தைக் குறித்துவருகிறேன், நேற்று 37. தொடர்ந்து ஒரு வாரம் 28க்குக் கீழே நிற்கும்போது நான்காவது அடைக்கு முட்டை சேர்க்கத் தொடங்குவேன், உறவுக் கலப்பைத் தவிர்க்க அதற்கு வேறு சேவல் ஒன்றையும் சொல்லிவைத்தாயிற்று.